பொஸ்டனில் ஒளிந்திருந்தவர்

நியூசிலாந்து மோட்டார்வேயில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அவர் தொண்ணூற்றிரண்டில் போவார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எல்லர்ஸ்லியில் இருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து, பாபகூராவில் கம்பனி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த இடம்வரை பின்பக்கம் சாமான் ஏற்றுகிற அவருடைய யூட் வண்டியில்தான் போய் வந்தேன். இடது ஓரத்தில், மணல் லொறிகளுக்குப் பின்னால், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நின்று போகச் சொல்லிப் பலகை வைத்த சந்தியில் வாய்க்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஈ காக்கை இல்லாத கார் பார்க்கில் திரும்புவதற்கும் சிக்னல் போடுவார்.

“ஆருக்குக் காட்டுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாக்கிற ஆளுக்கு.”

“ஒருத்தரும் இல்லையே.”

“ஒருத்தரும் இல்லையெண்டு எப்பிடித் தெரியும்?” என்றார்.

அவர் இப்படித் தமிழில் கதைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அயர்லாந்துக்காரர். மேற்குக் கரையில் கடலும் கல்லும் மட்டும் விளைகிற ஒரு கிராமம். அவருடைய ஆங்கிலத்தில் பாதியை முதல் மாதம் நான் விளங்காமலே தலையாட்டிச் சமாளித்தேன். பழகின பிறகு என் காது அதை எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே சேர்த்து வைத்துக்கொண்டது. அந்தக் கம்பனியை விட்டு நான்கு வருடமாகிறது. இப்போது நினைத்தாலும் அவர் குரல் தமிழில்தான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஃபோர்மன். அப்போது ஐம்பத்தாறு வயது. புருவம் மட்டும் செம்பட்டையாக இருந்தது, தலை நரைத்துவிட்டது. சுவர் பூசுகிற வேலையில் தொடங்கி மேலே வந்தவர். பூசின சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார்; மட்டப்பலகை வைத்துப் பார்க்கிறவனைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். எனக்குக் கட்டடத்தை அளந்து எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று எழுதுகிற உத்தியோகம். நான் நாடாவைப் பிடிக்க மற்ற முனையை அவர் பிடிப்பார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை அது. எங்கள் குடும்பத்தின் விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நியூசிலாந்துக்கு வருவதற்கு முன்னர் அவர் அமெரிக்காவில், பொஸ்டனில், இருபத்திரண்டு வருடம் இருந்தார். மூன்று மாத சுற்றுலா விசாவில் போனவர். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு மிச்சம் எல்லாம் களவாக இருந்ததுதான்.

அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள உறவை யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களுக்குக் கனடா எப்படியோ அவர்களுக்கு அமெரிக்கா அப்படி. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்திலேயே கப்பல் ஏறத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் வித்தியாசம். அவர் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது அமெரிக்கக் காசு. கோயில் மணி அமெரிக்கக் காசு. நத்தாருக்கு அத்தைமார் அனுப்புகிற பெட்டியில் வருகிற சட்டைகளை ஊரே போட்டுக்கொண்டு திரியும். வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதற்குப் பக்கத்தில் அயர்லாந்து வம்சத்தில் வந்த ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் படம். இரண்டுக்கும் நடுவில் ஒரே விளக்கு.

“நான் சின்னனிலை அவரையும் ஒரு அர்ச்சிட்டர், புனிதர் எண்டுதான் நினைச்சனான்” என்றார்.

பழைய காலத்தில் அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் செத்தவீடு வைப்பார்களாம். பிள்ளை உயிரோடு நடுவில் உட்கார்ந்திருக்கும். அயலட்டை வந்து குடித்து, ஆடி, ஒப்பாரியும் வைக்கும். இனிக் காணப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே அழவேண்டியதை அன்றைக்கே அழுது தீர்த்துவிடுவார்கள். இதை அவர் சொன்னபோது நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கும் வைச்சவையோ?”

“எனக்கு ஆர் வைக்கிறது? அந்தக் காலம் போட்டுது. விமானம், மூண்டு மாசம், திரும்பி வாறன் எண்டு சொன்னனான். அம்மா கேத்திலை அடுப்பில வைச்சிட்டுக் கதவடிக்கு வந்தவ. கேத்தில் கூவினவுடன உள்ள போட்டா. அவ்வளவுதான் பாத்தது.”

பொஸ்டனில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அயர்லாந்து வம்சம்தான். வேலை கொடுத்தவன், வாடகைக்கு விட்டவன், பாதிரியார், பொலிஸ்காரரில் பாதிப்பேர். ஆனால் அவர்கள் நான்கு தலைமுறைக்கு முந்தி வந்தவர்கள். இவர் பின்கதவால் வந்தவர். மார்ச் மாதத்தில் அயர்லாந்தின் காவல் புனிதருக்கு வருகிற திருநாளில் நாடு முழுக்கப் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நாங்கள் ஐரிஷ் என்று கத்தும். ஒரு நகரத்தில் ஆற்றுக்கே பச்சைச் சாயம் ஊற்றுவார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் பொலிஸ் போகும் என்பதால் உண்மையான ஐரிஷ்காரர் இவர் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார்.

ஒருமுறை வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று பொலிஸ்காரன் மறித்திருக்கிறான். பெயரைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பகுதி, எந்தக் கிராமம், என் பாட்டனாரும் அங்கேதான் என்று ஒரே கதை. பத்திரம் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்வலத்துக்கு வா, நீ என்னோடு நடக்கலாம் என்று கையும் குலுக்கி அனுப்பினான். அந்தக் கிழமையே இவர் வீடு மாறிவிட்டார்.

“அவன் நல்லவன் எல்லோ?”

“நல்லவனுக்குத்தான் பேர் நினைவிருக்கும்” என்றார்.

இந்தப் பயத்தை அவர் நியூசிலாந்துக்கும் கொண்டுவந்திருந்தார். இங்கே அவர் முறையாக வந்தவர், அப்போதே வந்து பதினான்கு வருடம், குடியுரிமையும் எடுத்தாயிற்று. ஆனாலும் வண்டி ஓடத் தகுதியானது என்று கொடுக்கிற வாரண்ட் முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே போய்ப் புதுப்பிப்பார். உணவுக்கடையில் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கிற நேரத்தில் அவருக்கு எங்கேயாவது ஓர் அவசர வேலை வந்துவிடும்.

ஒருநாள் பாபகூராவில் வேலைப் பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் முன்னறிவித்தல் இல்லாமல் வந்தார். செம்மஞ்சள் அங்கி, கழுத்தில் அடையாள அட்டை. ஃபோர்மன் எங்கே என்று கேட்டார். ஃபோர்மன் இல்லை. இப்பொழுதுதானே என்னோடு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேடினோம், கூப்பிட்டோம். அதிகாரி கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய கார் சந்தி தாண்டின பிறகு, வேலையாட்களுக்கென்று வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் கழிப்பறையின் கதவு திறந்தது. எங்கள் ஆள் இறங்கி வந்தார். சட்டை முழுக்க வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

“வயித்தால போகுது” என்று பொதுவாகச் சொன்னார். தச்சுவேலைப் பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பிவரும்போது வண்டி எண்பதைத் தாண்டவில்லை.

“நீங்கள் இந்த நாட்டு ஆள்தானே? பாஸ்போட்டும் இருக்குத்தானே?”

“ஓம். அது எனக்குத் தெரியும். என்ர வயித்துக்குத் தெரியாது” என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு வயிறு இருக்கிறது. பாபகூராவில் இராணுவ முகாம் ஒன்று உண்டு. பச்சை டிரக் வண்டி எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் கதைத்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வோம். அவர் ஸ்டியரிங்கை இறுக்குவார். என் கை தானாகக் கைப்பைக்குள் போய், பள்ளிக்கூட நாளில் ஆமிச் சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு அடையாள அட்டை வைத்திருந்த மூலையைத் தடவும். டிரக் போன பிறகு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவோம். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அவரிடம் ஒரு கதை இருந்தது. அலுவலகத்தில் அதைக் கேட்காதவர்கள் இல்லை. அவர் பொஸ்டனில் இருந்த கடைசிக் காலத்தில் தாயார் இறந்துபோனார். ஊருக்குப் போனால் பத்து வருடத்துக்கு அமெரிக்காவுக்குள் திரும்பி வர முடியாது. போகவில்லை. தம்பி கோயிலுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் பொஸ்டனில் காதில் வைத்துக்கொண்டு பூசையைக் கேட்டிருக்கிறார். “அந்த நாட்டிலை அரைவாசிப் பேர் நாங்கள் ஐரிஷ் எண்டு பெருமை பேசுவினம். ஒரு ஐரிஷ்காரனைத் தாயைப் புதைக்க விடேல்லை” என்று முடிப்பார். கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு ஒரு மினுக்கம் வந்திருந்தது.

அந்தக் கதையை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் வினை தொடங்கியது.

எங்களுடைய நிலைமையைச் சொல்லவேண்டும். என் வேலை விசா முடிந்துவிட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பதினொரு மாதம். பதில் வரும்வரை இங்கே இருக்கவும் வேலை செய்யவும் ஓர் இடைக்கால விசா தருவார்கள். அதில் நாட்டை விட்டு வெளியே போகலாம், ஆனால் கால் வெளியே வைத்த நிமிடம் அது செத்துவிடும். திரும்பி வர முடியாவிட்டால் என் வேலை போகும். வேலை போனால் விண்ணப்பமும் போகும், அதோடு என் கணவர், ஏழு வயது மகள் இருவரின் இருப்பும் போகும். மவுண்ட் ரோஸ்கில்லில் இரண்டு அறை வாடகை வீட்டுக்குள், மாதக்கணக்காக நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடப் பயந்து இருந்தோம். மகள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாப் படிவத்தைக் கொண்டுவந்தாலும் நான் இரண்டு தரம் வாசித்துத்தான் கையெழுத்து வைப்பேன்.

அப்படி இருக்கிற நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா போன் எடுத்தார். அம்மாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சுக் குழறுகிறது.

“பிள்ளை, நீ எப்ப வருவாய் எண்டு கேக்கிறா” என்றார்.

ஐந்து வருடம் நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

எங்கள் வழக்கறிஞர் ஒரு சென்னைப் பெண். “போகாதீங்க. ஆனா அம்மா நிலைமையைச் சொல்லி, சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னு ஒரு லெட்டர் போட்டுப் பார்க்கலாம். கேட்கிறதில என்ன இருக்கு?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறதில் என்ன இருக்கு என்று சொல்வதற்கு அவர் வேறு மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். கேட்டால் ஃபைலைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்த்தால் ஏதாவது கண்ணில் படும். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். சும்மா கிடக்கிறதை ஏனப்பா கிளறுவான் என்றார்.

செவ்வாய்க்கிழமை யூட்டில் போகும்போது அவரிடமும் கேட்டேன்.

“கிளறாதையும்” என்றார் உடனே. “தலையைக் குனிஞ்சுகொண்டு இரும். அவையளுக்கு நீர் ஒரு நம்பர். நம்பராவே இரும். பேராகிப் போகாதையும்.”

இருபத்திரண்டு வருடம் பிடிபடாமல் இருந்தவர் சொல்கிறார். அதற்கு மேல் யாரைக் கேட்பது? வழக்கறிஞரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நான்கு கிழமையும் நான் காலையில் எழுந்து முதலில் குடிவரவுக்காரரின் இணையப் பக்கத்தைத்தான் திறந்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரி. பின்னேரங்களில் அண்ணாவோடு கதைப்பேன். அம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போனைப் பிடிப்பார். அம்மா என் பெயரைச் சொல்ல முயற்சி செய்வார், பாதியில் களைத்துவிடுவார். “எங்கட கந்தோரிலை ஒரு அயர்லாந்துக்காரர் இருக்கிறார், அண்ணா. அவராலயும் தாய்க்குப் போகேலாமல் போச்சுது. அவர் தாங்கினவர்தானே” என்று ஒருநாள் சொன்னேன். அண்ணா போனை வைத்துவிட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், அம்மா சாப்பாடு விழுங்குவதில்லை என்று செய்தி வந்திருந்தது. மோட்டார்வேயில் போகும்போது அவரிடம் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். “உங்களைப் பாத்துத்தான் மனதைத் திடப்படுத்தியிருக்கிறன். நீங்கள் இருந்து காட்டினீங்கள். நானும் இருப்பன்.”

அவர் சிக்னலைப் போட்டு அடுத்த வழியில் மோட்டார்வேயை விட்டு இறங்கினார். நாங்கள் போகவேண்டிய வழி அது இல்லை. இங்கே டெய்ரி என்று சொல்கிற ஒரு மூலைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பலகையை வாசித்தார். பத்து நிமிடம் நிற்கலாம் என்று போட்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான் சொல்லுற கதை முழுக்கப் பொய்யில்லை” என்றார். “போனிலதான் கேட்டனான். அது உண்மை. ஆனா என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை.”

பொஸ்டனில் அவர் கல்யாணம் செய்திருந்தார். அமெரிக்கப் பெண், அவருடைய பூட்டனாரும் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்தான். மனைவி குடியுரிமை உள்ளவர் என்பதால் இவருக்கும் பத்திரம் கேட்கலாம். வழக்கறிஞரிடம் பெயரைக் கொடுக்க இவருக்குப் பயம், ஆகவே மனைவியே படிவத்தை நிரப்பி அனுப்பினார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இவர் பயத்தில் கேட்டதற்கெல்லாம் மாறி மாறிப் பதில் சொன்னார். கடிதம் வரும், போங்கள் என்றார்கள்.

“கடிதம் வந்தது. தபால்பெட்டியை நான்தான் எப்பவும் முதல் திறக்கிறனான். அரசாங்கத்தின்ர முத்திரை. மெல்லிசாக் கிடந்தது. மெல்லிசெண்டால் நாடுகடத்துற கடிதம் எண்டு ஊர்ப் பெடியன்கள் சொல்லுவாங்கள். பிரிக்கேல்லை. கொட்டிலுக்குள்ள, சுவர் பூசுற மா மூட்டையளுக்குக் கீழ வைச்சிட்டன். பிரிக்காட்டி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாட்டி நான் ஓடத் தேவையில்லை. மூண்டு கிழமையால இன்னொண்டு வந்தது. அதுக்குள்ள ஏதோ கெட்டியாக் கிடந்தது. தடவியும் பாக்கேல்லை. அதையும் வைச்சிட்டன்.”

அதற்குப் பிறகுதான் தாயார் விழுந்தார். கடிதம் ஏதும் வந்ததா என்று மனைவி கேட்டார். இல்லை என்று சொன்னார். தம்பி கோயிலில் போனைப் பிடித்தார்.

“நாலு மாசத்தால மனுசி ஏணியைத் தேடிக் கொட்டிலுக்குள்ள போனவள். ரெண்டையும் குசினி மேசையில வைச்சுப் பிரிச்சாள். முதலாவது, சம்மதம் எண்டு கடிதம். ரெண்டாவது, என்ர படத்தோட காட். அம்மா விழ முதலே வந்தது. அடுத்த நாளே டிக்கெட் எடுத்துப் போய், பக்கத்தில இருந்து, எல்லாம் முடிச்சுப்போட்டுத் திரும்பி வந்திருக்கலாம். ஏன் என்னட்டைத் தரேல்லை எண்டு ஒருக்காத்தான் கேட்டாள். பிறகு அவளுக்கு என்னோட இருக்க ஏலாமல் போச்சு. எனக்கு அந்த நாட்டில இருக்க ஏலாமல் போச்சு.”

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன்.

“எனக்கு ஒரு கடிதமும் வரேல்லை. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. நாளாந்தம் பாக்கிறன்.”

“தெரியும். உமக்கு வரேல்லை. ஆனா நீர் கேக்கவும் இல்லை. லோயர் கேக்கச் சொன்னவ. வேண்டாம் எண்டு சொன்னது நான்.”

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு மாதம். தெரிந்துகொண்டே ஒரு மாதம் என்னோடு நாடா பிடித்திருக்கிறார், கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், அம்மா எப்படி என்று கேட்டிருக்கிறார்.

“இதை அண்டைக்குச் சொல்ல என்ன?”

“அண்டைக்குச் சொன்னால், இருபத்திரண்டு வருசம் நான் இருந்த இருப்பு ஒண்டுக்கும் உதவாத இருப்பெண்டு ஆகிப்போகும்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “இண்டைக்கு நீர் என்னைப் பாத்துத் தைரியம் எடுத்தனான் எண்டு சொன்னீர். அதைக் கேட்டுக்கொண்டு என்னால வண்டி ஓட்ட ஏலாது.”

அங்கேயே இருந்து வழக்கறிஞருக்குப் போன் எடுத்தேன். “நான் அன்னிக்கே சொன்னேனேம்மா. இப்பவே எழுதிடறேன். டாக்டர் லெட்டர் மட்டும் அனுப்பச் சொல்லுங்க” என்றார். ஃபோர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் வண்டியை எடுத்தார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரே காலாவதியாகிவிட்டது, புதிதாக எடுத்து அனுப்பினால் உடனே முடிவு செய்கிறோம். அவ்வளவுதான். என் ஃபைலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். முறை வரும்போது அவர்களாகவே கேட்டிருப்பார்கள். நான் முந்திக் கேட்டிருந்தால் முந்திச் சொல்லியிருப்பார்கள். அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்தேன். சனிக்கிழமை அம்மா போய்விட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு, யாழ்ப்பாணத்தில் காலை ஒன்பது மணிக்கு, எங்கள் மாதா கோயிலில் அடக்கப் பூசை. என் கணவர் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டார். மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவர். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி. உள்ளே வரச் சொல்லும்வரை வாசல் மிதியடியிலேயே நின்றார். நான் கூப்பிடவில்லை, கணவர்தான் கூப்பிட்டார். மகள் தன் கதிரையை விட்டுக்கொடுத்தாள்.

முழுப் பூசையும் இருந்து பார்த்தார். “இப்ப என்ன செய்யினம்?” என்று கணவரிடம் மெதுவாகக் கேட்பார். முகத்துணி மூடுகிறார்கள் என்று கணவர் சொல்வார். “இப்ப?” தூக்குகிறார்கள். “இப்ப?” மூத்த மகன் முதல் பிடி மண் போடுகிறார். மண் போடும்போது அவர் எழுந்து நின்றார். நாங்களும் எழுந்தோம். அவர் விம்மி அழத் தொடங்கினார். தோள் குலுங்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு முன்னால் அழுதார். என் அம்மாவின் செத்தவீட்டில் தன்னுடைய அம்மாவுக்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த அழுகையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கண்ணில் அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை.

வியாழக்கிழமை வதிவிட விசா வந்தது. கணவர் மின்னஞ்சலை உரக்க வாசித்தார். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்து அடுப்பில் வைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். மூன்று கிழமை நின்றேன். அண்ணா என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்து முதல் செவ்வாய்க்கிழமை, எல்லர்ஸ்லியில் யூட்டுக்குள் ஏறினேன். கல்லறைக்குச் சீமெந்து பூசியாயிற்றா, யார் பூசினார்கள், என்ன கலவை என்று எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கோபம் கொஞ்சம் வற்றியிருந்தது, முழுக்க இல்லை. பிறகு நானும் கேட்டேன்.

“நீங்கள் இங்க வந்து பதினாலு வருசம். எந்தத் தடையும் இல்லை. ஒருக்காவும் ஊருக்குப் போகேல்லை. ஏன்?”

கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டார்.

“விமான நிலையத்தில பாஸ்போட் பாக்கிறவன் கேப்பான்” என்றார். “கடைசியா எப்ப வந்தனீர் எண்டு. முப்பத்தாறு வருசம் எண்டு என்னெண்டு வாயால சொல்லுறது? தாய் தேப்பன் இருக்கினமோ எண்டு கேப்பான். அதுக்கும் பதில் வேணும்.”

அவரைத் தேற்றத்தான் நினைத்தேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

“ஒண்டும் கேக்கமாட்டாங்கள். நானும் அப்பிடித்தான் பயந்துகொண்டு போனனான். என்ன சொல்லுறதெண்டு விமானம் முழுக்க யோசிச்சு வைச்சிருந்தனான். கட்டுநாயக்காவில அவன் என்ர முகத்தையும் நிமிந்து பாக்கேல்லை. முத்திரையைக் குத்திப்போட்டுப் பாஸ்போட்டைத் தள்ளி விட்டிட்டான். அரை நிமிசமும் ஆகேல்லை.”

அவர் தலையாட்டினார். ஒரு லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அதுக்குத்தான் கூடப் பயம்” என்றார். “கேட்டால் எதையாவது சொல்லி அழலாம். ஒண்டும் கேக்காமல், சரி வீட்டை போ எண்டு விட்டால், நான் எங்க போறது?”